கேம் விமர்சனம் எழுதுபவர் யாருக்கு வேலை செய்கிறார்? விளம்பரம், ரிவ்யூ கீ, நம்பிக்கை

வைகைக்கரை:

வணக்கம் நண்பர்களே. போன மாதம் 3,499 ரூபாய் கொடுத்து ஒரு கேம் வாங்கினேன். எனக்கு அது சின்னத் தொகை இல்லை, இரண்டு மாதம் சேர்த்து வைத்த பணம். நான்கு வருடமாகப் பார்த்து வரும் ஒரு யூடியூப் சேனலில் அதைப் பற்றி 20 நிமிடம் புகழ்ந்து பேசியிருந்தார்கள். அதை நம்பி வாங்கினேன். மூன்று மணி நேரத்துக்குள் நான்கு முறை உறைந்து நின்றது. ஒரு தடவை அதுவரை விளையாடியது பதிவாகியிருந்த சேவ் ஃபைலே போய்விட்டது. கோபத்தில் அந்த வீடியோவை மறுபடி எடுத்து, கீழே உள்ள விவரத்தைக் கடைசி வரை இறக்கிப் பார்த்தேன். ஹேஷ்டேக்குகளுக்கும் கீழே, பப்ளிஷருடன், அதாவது கேமை வெளியிடும் நிறுவனத்துடன், சேர்ந்து தயாரித்த வீடியோ என்று ஒரே ஒரு வரி இருந்தது.

பணம் போனதை விட, அவர்களை நான்கு வருடம் நம்பினேனே என்பதுதான் வலிக்கிறது. யூடியூப் வருவதற்கு முன்னால் எழுத்தில் வந்த விமர்சனங்கள் நேர்மையாக இருந்தனவா? இது எப்போதிலிருந்து இப்படி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜாய்ஸ்டிக்85:

தம்பி, எழுத்துக் காலத்திலும் இது இருந்தது. நான் கேம் விமர்சனங்களைக் கண்மூடி நம்புவதை விட்டது 2007 நவம்பரில். கேம்ஸ்பாட் தளத்தில் ஜெஃப் கெர்ஸ்ட்மன் என்று ஒருவர் இருந்தார். பதினோரு வருடம் அங்கேயே வேலை பார்த்து, ஆசிரியர் குழுவில் உயர்ந்த பொறுப்புக்கு வந்தவர். 'கேன் அண்ட் லிஞ்ச்: டெட் மென்' என்ற கேமுக்கு 10க்கு 6 கொடுத்தார். அதே நேரத்தில் அதே தளத்தின் முகப்பு முழுக்க அதே கேமின் விளம்பரம். பக்கத்தின் பின்னணியே அந்த இரண்டு கதாபாத்திரங்களின் படம்தான். கேமை வெளியிட்ட ஈடோஸ் அந்த இடத்தை விலைக்கு வாங்கியிருந்தது.

சில நாட்களில் கெர்ஸ்ட்மன் வேலையை விட்டு நீக்கப்பட்டார். அவருடைய வீடியோ விமர்சனம் தளத்திலிருந்து எடுக்கப்பட்டது. விளம்பரதாரரின் அழுத்தத்தால் இல்லை என்று நிறுவனம் மறுத்தது. அவரால் வாய் திறக்க முடியவில்லை, வெளியேறும்போது போட்ட ஒப்பந்தம் அப்படி. அடுத்த மாதங்களில் கூட வேலை பார்த்த ரயன் டேவிஸ், அலெக்ஸ் நவாரோ, பிராட் ஷூமேக்கர், வின்னி காரவெல்லா என்று ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். 2008-இல் கெர்ஸ்ட்மன் தொடங்கிய ஜயன்ட் பாம் தளத்தில் இவர்களில் பலர் சேர்ந்தார்கள்.

உண்மை வெளியே வர 2012 மார்ச் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கேம்ஸ்பாட்டை அப்போது வைத்திருந்த சிபிஎஸ் இன்டராக்டிவ், ஜயன்ட் பாமையும் வாங்கியது. அதோடு அந்தப் பழைய வாய்ப்பூட்டும் நீங்கியது. கேம்ஸ்பாட்டின் நிகழ்ச்சியிலேயே உட்கார்ந்து கெர்ஸ்ட்மன் நடந்ததைச் சொன்னார். மேலே புதிதாக வந்த நிர்வாகிகளுக்கு, விளம்பரப் பிரிவையும் எழுத்துப் பிரிவையும் பிரித்து வைக்கும் சுவர் எதற்கு என்பதே புரியவில்லை. அதற்கு முன்பே 'ராச்செட் அண்ட் கிளாங்க் ஃபியூச்சர்' கேமுக்குத் தளம் 7.5 கொடுத்தபோதும் பிரச்சினை ஆகியிருக்கிறது. 7.5! அது திட்டு கூட இல்லை, பாராட்டு.

நான்கு வருடத்துக்கு மேல், தம்பி. வாசகர்களான நாம் அத்தனை காலமும் ஊகித்துக்கொண்டு மட்டும் இருந்தோம்.

நிலவன்:

ஒரு சம்பவத்தை வைத்து ஒட்டுமொத்தத் தொழிலையும் எடை போடுவது சரியா? விளம்பரத்தில் ஓடாத பத்திரிகை எது? சினிமா விமர்சனத்திலும் இதே புலம்பலைக் கேட்கிறோம். ஒரு கேம் உண்மையிலேயே பிடித்துப்போய் 9 கொடுப்பவரும் உண்டு. நமக்குப் பிடிக்காத கேமுக்கு அதிக மதிப்பெண் வந்தால் உடனே காசு வாங்கிவிட்டார் என்று சொல்வது அநியாயம்.

இரவுப்பணி:

நிலவன் சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். நான் ஆறு வருடம் கேம் விமர்சனம் எழுதியவன். பெங்களூரில் ஒரு சிறிய தளம், பெயர் வேண்டாம். இந்த ஆறு வருடத்தில் ஒருவர் கூட எனக்குப் பணம் நீட்டியதில்லை. அழுத்தம் வேறு வழியில் வந்தது.

வெளியீட்டுக்கு ஐந்து நாள் முன்னால் விளம்பரத் தொடர்பு நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வரும். அதில் ரிவ்யூ கீ, அதாவது கேமை விமர்சகர் காசில்லாமல் திறந்து விளையாடுவதற்கான குறியீடு, இருக்கும், கூடவே நிபந்தனைகளும் இருக்கும். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு முன்னால் எதுவும் எழுதக் கூடாது, எந்த அத்தியாயத்துக்கு மேல் காட்சி காட்டக் கூடாது என்று. கேம் 40 மணி நேரம் இருக்கும். பகல் வேலையைப் பார்த்துவிட்டு, தூங்காமல் விளையாடி முடிக்க வேண்டும். அந்தக் கண்ணெரிச்சலோடுதான் மதிப்பெண் போடுவோம்.

ஒரு முறை ஒரு பெரிய கேமுக்கு 10க்கு 5 கொடுத்தேன். யாரும் திட்டவில்லை. ஆனால் அந்தத் தொடர்பு நிறுவனத்திடமிருந்து அடுத்த இரண்டு கேம்களுக்கும் கீ வரவில்லை. கேட்டால், இந்த முறை எண்ணிக்கை குறைவு என்று மரியாதையாகப் பதில் வந்தது. கேமை நாங்களே வெளியீட்டு நாளில் வாங்கி, நான்கு நாள் கழித்து விமர்சனம் போட்டோம். யாரும் படிக்கவில்லை. தேடுபவர்கள் எல்லாரும் முதல் நாளே வேறு தளத்தில் படித்துவிட்டார்கள். அந்த மாத வருமானம் விழுந்தது. எங்கள் ஆசிரியர் நல்ல மனிதர். அவர் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "கொஞ்சம் பார்த்து எழுதுங்க." எந்த வார்த்தையை மாற்று என்று சொல்லவில்லை. ஆனால் அடுத்த விமர்சனத்தில் 6 போட வேண்டிய இடத்தில் என் கை 7 போட்டது. யாரும் சொல்லாமலே போட்டது. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

பெரிய தளங்களுக்கும் இதே நிலைதான். 2015 நவம்பரில் கொட்டாக்கு தளத்தின் அப்போதைய ஆசிரியர் ஸ்டீஃபன் டொட்டிலோ வெளிப்படையாகவே எழுதினார். கேம் வெளியிடும் பெரிய நிறுவனங்களான பெதஸ்டாவும் யூபிசாஃப்டும் அவர்களோடு பேசுவதையே நிறுத்திவிட்டன. ரிவ்யூ பிரதி இல்லை, கேள்விக்குப் பதில் இல்லை. காரணம், அறிவிக்கப்படாத 'ஃபால்அவுட் 4', 'அசாசின்ஸ் க்ரீட்' கேம்களைப் பற்றிய உள்தகவல்களை அவர்கள் செய்தியாகப் போட்டதுதான். பொய் எழுதியதற்காக இல்லை, உண்மையை முன்கூட்டியே எழுதியதற்காக. அவ்வளவு பெரிய தளத்துக்கே அப்படி என்றால் எங்களைப் போன்றவர்கள் எம்மாத்திரம்?

வைகைக்கரை:

அண்ணா, மனம் விட்டு எழுதியதற்கு நன்றி. ஒரு சந்தேகம். இந்தத் தேதி வரை எழுதக் கூடாது என்பதே ஒரு வகையில் வாயை அடைப்பதுதானே? அதை ஏன் எல்லாத் தளங்களும் ஒத்துக்கொள்கின்றன?

இரவுப்பணி:

எம்பார்கோ என்பார்கள். அதில் ஒரு நல்லதும் இருக்கிறது. அது இல்லாவிட்டால் முதலில் போடுபவனுக்குத்தான் எல்லாப் பார்வையும் போகும். பாதி விளையாடிவிட்டு ஓடிவந்து எழுதுவார்கள். எல்லாருக்கும் ஒரே நேரம் என்றால் நிதானமாக முடிக்கலாம்.

அந்த நேரம் எப்போது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வெளியீட்டுக்கு மூன்று நாள் முன்னால் என்றால் வாங்குபவனுக்கு உதவி. 2014-இல் 'அசாசின்ஸ் க்ரீட்: யூனிட்டி' அமெரிக்காவில் நள்ளிரவில் விற்பனைக்கு வந்தது. விமர்சனங்களுக்கான தடை நீங்கியது அன்று நண்பகலில். முன்பதிவு செய்தவர்கள் பன்னிரண்டு மணி நேரம் இருட்டில் இருந்தார்கள். அதற்குள் முகமே இல்லாமல் கண்ணும் பல்லும் மட்டும் தெரியும் பாத்திரங்களின் படங்கள் இணையமெங்கும் பரவிவிட்டன.

'சைபர்பங்க் 2077' இன்னும் மோசம். 2020 டிசம்பரில் விமர்சகர்களுக்கு முதலில் கொடுத்தது கணினிப் பதிப்பு மட்டும். முதல் விமர்சனங்களில் தாங்கள் விளையாடிய காட்சியைக் காட்டவும் அனுமதியில்லை, நிறுவனம் கொடுத்த காட்சிகளைத்தான் பயன்படுத்த வேண்டும். விமர்சகர்கள் பொய் சொல்லவில்லை. நல்ல கணினியில் அவர்கள் பார்த்ததை எழுதினார்கள், மதிப்பெண்ணும் நிறைய வந்தது. பழைய பிளேஸ்டேஷன் 4-இலும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னிலும் அது ஓடவே திணறியது. வெளியாகி ஒரு வாரத்தில் சோனி தன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது. நிபந்தனைகளைச் சில விமர்சகர்கள் விமர்சனத்திலேயே குறிப்பிட்டார்கள். அவர்களை நான் மதிக்கிறேன். எல்லாரும் முதல் பத்தியிலேயே "எங்களுக்கு கன்சோல் பதிப்பு தரவில்லை" என்று எழுதியிருந்தால் பல பேரின் பணம் மிஞ்சியிருக்கும்.

எட்டுபிட்:

இந்த மதிப்பெண்ணில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2010-இல் வந்த 'ஃபால்அவுட்: நியூ வேகஸ்' உருவாக்கிய அப்சிடியன் நிறுவனத்துக்கு, பல விமர்சகர்களின் மதிப்பெண்களைச் சேர்த்துச் சராசரி காட்டும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் 85 வந்தால் போனஸ் என்று ஒப்பந்தம் இருந்தது. வந்தது 84. அங்கே வேலை செய்த கிறிஸ் அவலோன் 2012-இல் இதைச் சொன்னார். ஒரு புள்ளி! விமர்சகர் தனக்குத் தெரியாமலே வேறு யாருடைய சம்பளத்திலோ கை வைக்கிறார். இது விமர்சகரின் தவறு இல்லை, ஒப்பந்தம் போட்டவர்களின் தவறு. ஆனால் இந்தக் கதை தெரிந்த பிறகு 6 போட வேண்டியவருக்குக் கை நடுங்காதா?

நிலவன்:

சரி, 2014-இல் நடந்த கேமர்கேட் சர்ச்சை பற்றி ஏன் யாரும் பேசவில்லை? கேம் பத்திரிகையின் நெறிமுறை பற்றி உலகமே பேசியது அப்போதுதானே?

தேன்மொழி:

நிலவன், அதைப் பற்றி நான் எழுதுகிறேன். அந்த நாட்களில் நான் கல்லூரி மாணவி, ஒவ்வொரு நாளும் படித்துக்கொண்டிருந்தேன்.

தொடக்கம், ஸோயி குவின் என்ற கேம் உருவாக்குநரைப் பற்றி முன்னாள் காதலர் எழுதிய நீண்ட பதிவு. அதிலிருந்து கிளம்பிய குற்றச்சாட்டு, ஒரு கொட்டாக்கு நிருபர் உறவின் காரணமாக அவருடைய கேமுக்கு நல்ல விமர்சனம் எழுதினார் என்பது. அந்த நிருபர் அந்த கேமுக்கு விமர்சனமே எழுதவில்லை. தளத்தின் ஆசிரியர் விசாரித்து அதைச் சொன்னார். யார் வேண்டுமானாலும் தேடிப் பார்த்திருக்கலாம். ஆனால் அதற்குள் அந்தப் பெண்ணுக்குக் கொலை மிரட்டல், பாலியல் மிரட்டல், முகவரியை வெளியிடுவது எல்லாம் நடந்துவிட்டன. கேம்களில் பெண்களைக் காட்டும் விதத்தை விமர்சித்து வந்த அனிட்டா சர்க்கீசியன் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேச இருந்தார். கூட்டத்தில் சுடுவோம் என்று மிரட்டல் வந்தது. உள்ளே துப்பாக்கி கொண்டு வருவதைத் தடுக்க மாநிலச் சட்டம் இடம் தராது என்று தெரிந்ததும் அவர் பேச்சை ரத்து செய்தார்.

நெறிமுறை என்ற நல்ல வார்த்தையை வைத்து மனிதர்களை வேட்டையாடினார்கள். எனக்கு அதில் இன்றும் ஆறாத கோபம் உண்டு.

என் கோபத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அதே 2014-இன் இலையுதிர் காலத்தில்தான் வார்னர் பிரதர்ஸ் தன் 'ஷேடோ ஆஃப் மோர்டோர்' கேமுக்காக, ஒரு விளம்பர நிறுவனம் மூலம் யூடியூபர்களோடு ஒப்பந்தம் போட்டது. கேமை நல்லவிதமாகக் காட்ட வேண்டும், கோளாறுகளைக் காட்டக் கூடாது. பணம் வாங்கியதைச் சொல்ல வேண்டிய இடம், "மேலும் காட்டு" என்பதை அழுத்தினால் மட்டும் தெரியும் விவரப் பகுதி. வைகைக்கரை, உங்களுக்கு நடந்தது அப்படியே இதுதான். டோட்டல்பிஸ்கட் என்று அறியப்பட்ட யூடியூப் விமர்சகர் ஜான் பெய்ன் அப்போதே இந்த ஒப்பந்தத்தைப் பற்றி வெளியே பேசினார். அமெரிக்காவின் வணிக ஆணையம் 2016 ஜூலையில்தான் நடவடிக்கை எடுத்தது. கொடுத்த தொகை சிலருக்கு நூற்றுக்கணக்கான டாலர், சிலருக்குப் பல்லாயிரம். மொத்தம் 55 லட்சத்துக்கு மேல் பார்வைகள், அதில் பியூடிபை என்ற பிரபல யூடியூபரின் ஒரே வீடியோவுக்கு 37 லட்சம்.

எழுத்தில் கிடைத்த ஆதாரம், கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம், கோடி கோடியாகப் பணம் புழங்கும் ஒரு நிறுவனம். எல்லாம் அங்கே இருந்தது. கூட்டம் போனது இலவசமாக ஒரு சிறிய கேமை உருவாக்கிய ஒரு பெண்ணின் வீட்டு வாசலுக்கு.

நிலவன்:

மிரட்டல்களை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். விமர்சனமே எழுதப்படவில்லை என்பது எனக்கு இதுவரை தெரியாது. ஆனால் அந்தச் சத்தத்துக்குப் பிறகுதானே தளங்கள் விதிகளைத் திருத்தின? தாங்கள் செய்தி எழுதும் உருவாக்குநர்களுக்குப் ரசிகர்கள் மாதாமாதம் பணம் அனுப்பும் பேட்ரியான் வழியாகப் பணம் கொடுப்பதைக் கொட்டாக்கு நிறுத்தியது, அப்படிக் கொடுத்தால் வெளிப்படுத்த வேண்டும் என்று பாலிகன் தளம் சொன்னது. அது நல்லதுதானே?

தேன்மொழி:

விதி நல்லதுதான். ஆனால் அது யாரைப் பற்றிய விதி என்று பாருங்கள். மாதம் ஐந்து டாலர் கொடுத்து ஒரு தனி ஆளை ஆதரிக்கும் நிருபரைப் பற்றியது. முகப்புப் பக்கத்தையே வாங்கும் பப்ளிஷரைப் பற்றி அந்த விதி எதுவும் சொல்லவில்லை.

முறையாகக் கேள்வி கேட்டவர்களும் இருந்தார்கள். 2012 அக்டோபரில் யூரோகேமர் தளத்தில் ராப் ஃப்ளோரன்ஸ் ஒரு பத்திக் கட்டுரை எழுதினார். டோரிட்டோஸ் பாக்கெட்டுக்கும் மவுன்டன் டியூ பாட்டில்களுக்கும் நடுவில் கேம் நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஜெஃப் கீலி உட்கார்ந்திருக்கும் விளம்பரப் படத்தையும், பரிசுக்காக ஒரு கேமின் பெயரை ட்விட்டரில் பரப்பிய பத்திரிகையாளர்களையும் எடுத்துக்காட்டி, வாசகருக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்டார். யாரையும் மிரட்டவில்லை. சட்ட நடவடிக்கை வரும் என்ற பயத்தில் அந்தக் கட்டுரையின் சில வரிகளைத் தளத்தினர் நீக்கினார்கள். அவர் அந்த வேலையையே விட்டுவிட்டார். ஒழுங்காகக் கேட்டவருக்குக் கிடைத்தது இது.

நிலவன்:

அந்த ஒப்பீட்டை நான் யோசித்துப் பார்த்ததில்லை. ஐந்து டாலருக்கு விதி, முகப்புப் பக்கத்துக்கு விதி இல்லை. ஒத்துக்கொள்கிறேன்.

ஜாய்ஸ்டிக்85:

தேன்மொழி அருமையாக எழுதியிருக்கிறீர்கள்.

தளமே யாருடையது என்பதையும் பாருங்கள். கேம் இன்ஃபார்மர் பத்திரிகை பல வருடம் கேம்ஸ்டாப் என்ற விற்பனைக் கடையின் சொத்து. கேமை விற்பவனே விமர்சனத்தையும் அச்சடித்தான். 2024 ஆகஸ்டில் திடீரென்று மூடி, பழைய கட்டுரைகள் உட்பட இணையதளத்தையே அழித்தார்கள். 33 வருட வேலை ஒரே நாளில் காணாமல் போனது. 2025-இல் கன்ஸில்லா என்ற நிறுவனம் வாங்கி மீட்டது. கன்ஸில்லா கேம் தயாரிக்கும் நிறுவனம். ஆசிரியர் குழுவுக்கு முழுச் சுதந்திரம் என்று சொல்லியிருக்கிறார்கள், பழைய குழுவே திரும்பியதில் எனக்கும் மகிழ்ச்சி. ஆனாலும் கன்ஸில்லாவின் அடுத்த கேமுக்கு அவர்கள் என்ன எழுதினாலும் வாசகன் இரண்டு முறை யோசிப்பான்.

ஐஜிஎன் என்ற விமர்சனத் தளம் 2017-இல் ஹம்பிள் பண்டிலை வாங்கியது. ஹம்பிள் கேம்களை விற்கும் நிறுவனம், அப்போது வெளியிடவும் செய்தது. ஜப்பானில் 40க்கு மதிப்பெண் போடும் ஃபமிட்சு பத்திரிகையும், 'எல்டன் ரிங்' கேமை உருவாக்கிய ஃப்ரம்சாஃப்ட்வேரும் ஒரே கடோகாவா குழுமத்தின் கீழ் இருக்கின்றன. 'எல்டன் ரிங்' எனக்கு உயிர், அதற்கு யார் 40க்கு எத்தனை கொடுத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் மதிப்பெண் பக்கத்தில் அந்த உறவை ஒரு வரியில் எழுதினால் என்ன குறைந்துவிடும்?

வைகைக்கரை:

இவ்வளவு விஷயம் கிடைக்கும் என்று நினைக்கவில்லை. நம் நாட்டில் இதற்கு விதி ஏதும் இருக்கிறதா? அந்த சேனல்காரர் ஒரு வரி போட்டேனே என்று சொன்னால் சட்டப்படி சரியாகிவிடுமா?

எட்டுபிட்:

ஆகாது. விளம்பரத் தர மன்றமான ஏஎஸ்சிஐ 2021 ஜூனிலிருந்து விதி வைத்திருக்கிறது. அறிவிப்பு எடுத்த எடுப்பில் கண்ணில் பட வேண்டும், ஹேஷ்டேக் குவியலில் புதைக்கக் கூடாது. இரண்டு நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோவில், அந்தப் பொருளைப் பற்றிப் பேசும் பகுதி முழுக்க அது திரையில் இருக்க வேண்டும். ஏஎஸ்சிஐ தொழில்துறை தனக்குத் தானே அமைத்துக்கொண்ட அமைப்பு. சட்டம் வேண்டும் என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு, பரிந்துரைப்பவருக்கும் முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஏஎஸ்சிஐ தளத்தில் புகார் கொடுக்கக் காசு கிடையாது. வீடியோவின் இணைப்பும் திரைப்பிடிப்பும் போதும்.

நம் தமிழ் கேமிங் சேனல்களில் பல வருடம் ரம்மி ஆப் விளம்பரம் ஓடியதே, அதைப் பள்ளிப் பிள்ளைகள் பார்த்தார்களே, அப்போது நாம் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும். இணையத்தில் காசு வைத்து ஆடும் ஆட்டங்களையும் அவற்றின் விளம்பரத்தையும் 2025-இல் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடை செய்த பிறகுதான் அது அடங்கியது. என் அக்கா மகன் அப்படி ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு அவள் ஃபோனில் அந்த ஆப்பை இறக்கினான். அவனுக்கு அப்போது பதிமூன்று வயது.

வைகைக்கரை:

நேற்றிரவு அந்த சேனலுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். திட்டவில்லை. வீடியோ எனக்கு எப்படிப் பயன்பட்டது, அந்த வரி எங்கே இருந்தது, எவ்வளவு செலவழித்தேன் என்று மட்டும் எழுதினேன். காலையில் பார்த்தால் அந்த வரியை விவரத்தின் முதல் வரியாக மாற்றியிருக்கிறார்கள். பதில் வரவில்லை. வீடியோவுக்குள் இன்னும் எதுவும் இல்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு, அதையும் சேர்க்காவிட்டால் எட்டுபிட் சொன்ன இடத்தில் புகார் கொடுக்கிறேன்.

இரவுப்பணி அண்ணா, ஒரே ஒரு கேள்வி. அடுத்த மாதம் ஒரு கேம் வருகிறது. விமர்சனம் படிக்கும்போது எதை முதலில் பார்க்க வேண்டும்?

இரவுப்பணி:

மதிப்பெண்ணைக் கடைசியில் பார். எந்த இயந்திரத்தில் விளையாடினார், அது உன்னிடம் இருக்கும் இயந்திரம்தானா, கேமை முடித்தாரா, பிரதி யார் கொடுத்தது, காட்டும் காட்சி அவரே பதிவு செய்ததா என்று பார். இந்த நான்கைந்தும் எழுதியிருந்தால், அவர் 9 கொடுத்தாலும் 5 கொடுத்தாலும் நான் காது கொடுத்துக் கேட்பேன். எழுதாவிட்டால் கீழே கருத்துப் பகுதியில் கேள். நான் எழுதிய நாட்களில் என்னிடம் அப்படிக் கேட்டவர்கள் மூன்று பேர்தான். மூன்று பேருக்கும் பதில் எழுதினேன். அடுத்த விமர்சனத்திலிருந்து கேட்காமலே எழுதத் தொடங்கினேன்.

முன்பதிவு மட்டும் செய்யாதே. எந்த கேம் என்று சொல், நானும் வாங்கப் பார்க்கிறேன்.